பதினோரு ஒட்டு வார்த்தைகள்

பினாங்குக் கடைத்தெருவில் கௌரவமான கடை என்றால் மூன்று சாமான் இருக்க வேண்டும் என்பது 1924-ஆம் வருஷத்து சாஸ்திரம். ஒன்று, பெயர்ப்பலகை. இரண்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு சுவர்க்கடிகாரம். மூன்று, சர்க்காரிடமிருந்து வந்த இங்கிலீஷ்க் கடிதம். அதைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அது மரியாதை இல்லை.

குடைக்கடை ஹபீப் முகம்மதுவிடம் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது, எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி சோமசுந்தரத்திடம் இருந்தது. தினமும் கடை திறந்ததும் சந்தனப் பொட்டு வைத்த அந்தக் கடிதம்தான் ஹபீப் முகம்மதுவின் கண்ணில் படும். அப்புறம் பசியாறுவது எங்கே?

மற்றபடி அவருக்குக் குறை இல்லை. தெருவில் எல்லாரையும் போல அவரும் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் ஒரு மரமேடை போட்டிருந்தார். மழை கொட்டினால் ஜனங்கள் நடைபாதைக்குள் ஓடிவருவார்கள். மேடையில் மூக்குக்கு நேரே குடை தொங்கும். உள்ளே கடை ஒரே இருட்டு. எந்த மனிதனும் விரும்பி அதற்குள் நுழைந்ததில்லை. மேடை போனால் கடை போச்சு, கடை போனால் சோறு போச்சு.

கடைசியில் ஆண்டவன் கண் திறந்தான். நடைபாதைகளைக் கவனிக்கும் ஆபீசிலிருந்து (அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கும் ஒரு கடிதம் வரும்) ஹபீப் முகம்மதுவுக்கு முத்திரை குத்திய கடிதம் வந்தது. 'பதினாலு நாளில் மேடையை எடு, இல்லாவிட்டால் நாங்கள் வந்து உடைப்போம்' என்பதுதான் விஷயம். ஆனால் ஆபீஸ் அப்படிப் பச்சையாகப் பேசுமா? ஒன்றரைப் பக்கத்துக்குத் துணி சுற்றி, விஷயத்தை உள்ளே எங்கேயோ வைத்திருந்தது.

தெருமுனையில் மேசை போட்டு மனு எழுதும் நாச்சியப்பனிடம் ஓடினார் ஹபீப். நாச்சியப்பன் உதட்டை அசைத்து, விரல் விட்டு எண்ணினார்.

"பாய், பதினொண்ணு!"

"என்னண்ணே பதினொண்ணு?"

"ஒட்டு வார்த்தை. ஹியர்பை, தேர்ஆஃப், வேர்அப்பான்... எதிர்க்கடைக்கு நாலுதான்."

"அதுல அப்படி என்ன இருக்கு?"

"'கம் ஹியர்'னா நாய்க்குட்டியக் கூப்பிடறது. 'பை'ங்கிறது யாரும் சீந்தாத பொடி வார்த்தை. ரெண்டையும் ஒட்டி 'ஹியர்பை'ன்னு எழுதிட்டா, பேசறது கவர்னர்! இங்க பாருங்க, 'ஹியர்-இன்-ஆஃப்டர்'. மூணு ஒட்டியிருக்கு. ராஜாவே நேர்ல பேசறார்லா."

"சரி, ராஜா என்ன சொல்றார்?"

நாச்சியப்பன் கண்ணாடியைத் துடைத்தார். இருபது வருஷமாக ஒட்டு வார்த்தை போட்டு மனு எழுதுகிற மனுஷர். ஒன்றையாவது படித்துப் பார்த்த பாவம் அவருக்குக் கிடையாது. "எழுதறவன் படிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? உங்களைக் கௌரவிச்சிருக்காங்க. பிரேம் போடுங்க."

ஹபீபின் மனைவி சித்தி ஆயிஷா மட்டும் விடவில்லை. "ஏங்க, இதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டீங்களா?"

"பதினொண்ணு போட்டிருக்கு."

"என்னது பதினொண்ணு?"

"உனக்குப் புரியாது."

"உங்களுக்கு?"

ஹபீப் முகம்மது ஆணி அடிக்கப் போய்விட்டார். தேக்கு பிரேம், மல்லிகைச் சரம், சாம்பிராணிப் புகை, தெருவுக்கே தேத்தண்ணி. சோமசுந்தரம் வந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, தலைவலி என்று சீக்கிரம் கடையை அடைத்தார்.

பதினைந்தாம் நாள் காலையில் ஆபீஸ் மேஸ்திரி பெரியகருப்பன், ஆறு ஆளும் கடப்பாரையுமாக வந்து நின்றார். கடிதத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஹபீப் அவர்களுக்கும் தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு மேஸ்திரி தன் கையிலிருந்த நகலை நீட்டினார்.

"பாய், மேடைய உடைக்கணும்."

"இது என் மரியாதைக் கடிதமாச்சே! அப்படியே பதினொண்ணும் இருக்கு. உடைக்கணும்னு யார் சொன்னது?"

மேஸ்திரி யோசித்தார். "யாரும் சொல்லல. 'போய் முடிச்சிட்டு வா'ன்னாங்க. கடப்பாரை கொடுத்தாங்க. உடைக்கறதுதான்னு நானா நினைச்சுக்கிட்டேன்." மாலை போட்ட கடிதத்தை அண்ணாந்து பார்த்தார். கடப்பாரை தானாகக் கீழே இறங்கியது. "வாங்க பாய், ஆபீஸ்லயே கேட்டுருவோம்."

பிரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹபீப் பின்னால் போனார். போகும்போது தன் மேடையை முதன்முதலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கடிதம் எழுதிய தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, கோபித்துக்கொண்டார். "தெளிவாத்தானே எழுதியிருக்கேன்? 'தேர்அப்பான்' போட்டிருக்கே, பார்க்கல?"

"பார்த்தோம்."

"அப்புறம் என்ன கேள்வி?"

அவரும் பழைய கிராணியின் கடிதத்தைப் பார்த்து எழுதியவர்தான். விஷயம் துரையிடம் போனது. துரை தாம் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நாலு தடவை படித்தார்; நாலாவது தடவை தலைகீழாக.

"துவான்," என்றார் ஹபீப், "என் மேடை இருக்குமா, போகுமா?"

இவ்வளவு பச்சையான கேள்வி அந்த ஆபீசுக்குள் அதுவரை வந்ததில்லை. துரை ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "அதில் உள்ளபடியே செய்யுங்கள்" என்று உத்தரவிட்டு டென்னிஸ் ஆடப் போனார்.

பெரிய கிராணிக்குப் பொறுப்பு வந்தது. ஒரு மேடை உடைந்ததாக அன்று சாயங்காலம் ரிப்போர்ட் போயாக வேண்டும். பதினொன்று உள்ளவரைத் தொடுவது ஆபத்து. "அந்தத் தெருவிலே ஒட்டு குறைச்சலா யாருக்கு?" என்று கேட்டார்.

"எதிர்க்கடை. நாலு," என்றார் மேஸ்திரி.

மத்தியானம் சோமசுந்தரத்தின் மேடை உடைந்தது. அவர் பிரேமைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். உண்மையில் 'இவருடைய மேடையை யாரும் தொடக் கூடாது' என்றுதான் அதில் எழுதியிருந்தது. பளிச்சென்று சொல்லிவிட்டதால் நாலு ஒட்டுக்கு மேல் அதில் இடமில்லை. ஹபீபுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தன் மேடையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

மறுநாள் தெருவே நாச்சியப்பன் மேசைக்கு முன்னால் நின்றது. இருபது ஒட்டுக்குக் குறையாமல் கடிதம் அனுப்ப வேண்டும் என்று நாற்பது கடையும் மனுப் போட்டன. பதினொன்றை நம்பி இருக்க முடியுமா? ஹபீபும் போட்டார். ஆபீஸ் பூரித்துப் போய், ஹபீபின் பழைய கடிதத்திலேயே இன்னும் ஒன்பது ஒட்டைச் சேர்த்து அச்சடித்து, ஆளுக்கு ஒன்று அனுப்பியது. நாற்பது கடையிலும் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"இப்பவாவது யாராவது படிச்சீங்களா?" என்றாள் சித்தி ஆயிஷா.

"எண்ணியாச்சு. இருபதும் சரியா இருக்கு."

பதினைந்தாம் நாள் மேஸ்திரி அறுபது ஆளோடு வந்தார். கடை கடையாக எண்ணினார். எல்லாருக்கும் இருபது. குறைந்தவர் ஒருவரும் இல்லையே என்று ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். பெரிய கிராணியிடமிருந்து உடனே பதில் வந்தது: 'எல்லாரும் சமம் என்றால் எல்லாருக்கும் ஒரே நீதி.'

பன்னிரண்டு மணிக்குள் மீதி முப்பத்தொன்பது மேடையும் விறகாகிவிட்டன. பிரேம்களில் ஒரு கீறல் விழவில்லை. சர்க்கார் கடிதம் என்று மேஸ்திரி அவ்வளவு பத்திரமாக வேலை வாங்கினார்.

இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் நடைபாதைக்குள் ஓடிவந்தார்கள், நின்றார்கள், நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இருட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆளில்லை. குடையெல்லாம் உடைந்த பலகைக்கு அடியில் கிடந்தன. ஹபீப் முகம்மதுவுக்கு அழுகை வந்தது.

"இனிமேலாவது கேப்பீங்களா?" என்றாள் சித்தி ஆயிஷா.

"கேக்கத்தான் போறேன்!"

சுவரிலிருந்து கடிதத்தைக் கழற்றித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, குடைக்கடைக்காரர் மழையில் ஓடினார். நாச்சியப்பன் மேசைக்கு முன்னால் ஏற்கெனவே வரிசை நின்றது. எல்லார் தலைமேலும் பிரேம்.

அவர் முறை வந்தது. நாச்சியப்பன் பேனாவை மையில் தோய்த்தார். "என்னன்னு எழுத, பாய்?"

"மேடைய ஏன் உடைச்சாங்கன்னு கேட்டு எழுதுங்கண்ணே."

"ஒட்டு எத்தனை?"

"முன்னால போனாரே சோமசுந்தரம், அவர் எத்தனை போட்டார்?"

"முப்பது."

"எனக்கு முப்பத்தொண்ணு போடுங்க."