காயாத நாற்காலி

அன்புள்ள நெஷா அக்காவுக்கு, ரிப்னிட்சாவிலிருந்து தம்பி யெர்னெய் எழுதுவது. நான் நலம். அடுப்பும் நலம். மாரிபோரில் நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை, புனித மார்ட்டின் திருநாளுக்கு, வறுத்த வாத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். வர வேண்டாம். உட்கார இடமில்லை.

கோடையில் மெட்கா என்னை விட்டுப் போனபோது நான்கு நாற்காலிகளையும் கொண்டுபோனாள். அவள் அப்பா செய்தவை. நியாயம்தான். பிறகு நம் காட்டு பீச் மரத்தில், பழம் தரும் பீச் அல்ல, நானே இரண்டு செய்தேன். ஒன்றில் உட்கார்கிறேன். மற்றது காயவில்லை.

முதல் தடவை ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டுத் துடைக்க மறந்தேன், பட்டறைக் குளிரில் பத்து நாளாகியும் விரலில் ஒட்டியது, சமையலறைக்குத் தூக்கி வந்தேன், அன்றைக்கென்று பக்கத்து வீட்டுப் பெப்கா அம்மாள் வால்நட் ரொட்டியோடு வந்து, நான் வாயைத் திறக்குமுன் அதில் உட்கார்ந்தார், எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

“ஏண்டாப்பா, இது நாற்காலியா, எலி புடிக்கிற பசையா?”

“எண்ணெய் இன்னும் காயலைம்மா.”

“பூசினா துடைக்கணும்டா! அதுகூடத் தெரியாதவனுக்கு உளி ஒரு கேடா?” பாவாடையைப் பிய்த்து எடுத்துக்கொண்டே கேட்டார்: “ஆமா, ஒண்டியாளுக்கு எதுக்கு ரெண்டாவது?”

நான் ரொட்டியை வெட்டினேன்.

அவர் பாவாடைப் பூக்கள் பலகையில் பதிந்திருந்தன. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்தேன். மறுபடி எண்ணெய். இந்த முறை துடைத்தேன். பூனை ஏறிப் படுத்தது. மரத்துக்கு ரோமம் முளைத்தது. மறுபடி தேய்த்தேன். மறுபடி எண்ணெய்.

இரண்டு பூவையாவது விட்டுவைத்திருக்கலாம்.

சாப்பிடும்போது எதிரே அது பளபளக்கிறது. அதில் ஏன் ஒருவரும் இல்லை என்று யாராவது கேட்டால், சொல்லக் காரணம் இருக்கிறது. ஆகவே, அக்கா, அடுத்த ஆண்டு பார்ப்போம்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். வாத்தை நீங்களே சாப்பிட்டு, என் பங்குப் புது வைனையும் குடித்து, நீடூழி வாழுங்கள்.

உன் தம்பி,
யெர்னெய்

பி.கு.: நாற்காலி போன மாதமே காய்ந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபடி எதிரே நின்றது. பார்க்க முடியவில்லை. மறுநாள் மறுபடி பூசினேன். அதிலிருந்து வாரம் ஒரு முறை பூசுகிறேன். இன்று காலை எண்ணெய் டப்பாவைப் பெப்கா அம்மாளிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். வா.