ஒரே வயலுக்கு இரண்டு வாய்

இரட்டை விலை மனிதரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பென்சில்வேனியாவில் எங்கள் பக்கம் அவர் நீலத் தொப்பியும் சேற்றுப் பூட்ஸுமாகத் திரிவார்; பெயர் ஹார்லன் ட்ரெக்ஸ்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி ஆபீஸ்காரர் வந்தால் அவருடைய எழுபது ஏக்கரும் பாறை, பாறை இல்லாத இடமெல்லாம் சதுப்பு, சதுப்பு இல்லாத இடமெல்லாம் மான் மேய்ந்த மிச்சம்! வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது விலை கேட்டால் அதே எழுபது ஏக்கர் சொர்க்கம். வாய் கூசுமா? கூசவே கூசாது.

இந்த வசந்தத்தில் மனிதருக்குச் சோதனை வந்தது. அக்கா ஜாய்ஸ், அப்பா இருவருக்குமாக விட்டுப்போன அந்த நிலத்தில் தன் பாதியை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். தடுக்க ஒரே வழிதான்: இந்த மண்ணில் இனி என்றைக்கும் வீடு எழும்பாது என்று மாவட்டத்துக்கு எழுதிக்கொடுப்பது. வீட்டுமனையாக என்ன விலை, வெறும் வயலாக என்ன விலை என்று பார்த்து, வித்தியாசத்தை மாவட்டம் கொடுக்கும். அதை அக்காவிடம் கொடுத்து அவள் பாதியை வாங்கிக்கொண்டால் வயல் தப்பும்.

விலை பார்க்க மாவட்டம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வெல்மா கிரிம் காரைவிட்டு இறங்குவதற்குள் ஹார்லன் ஆரம்பித்துவிட்டார்.

“இந்த மேட்டைப் பாருங்க மேடம்! முப்பது வீடு தாராளமா கட்டலாம். தண்ணி ஊத்தினா நொடியில உறிஞ்சிடும்.”

வெல்மா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். போன வருஷம் வரியைக் குறைக்கச் சொல்லி அவரே எழுதியது.

“‘இந்த மேட்டில் ஊற்றிய தண்ணீர் ஊற்றினபடி நிற்கும், ஒரு நாய்க்கூண்டுகூடக் கட்ட முடியாது.’ உங்க கையெழுத்துதானே சார்?”

ஹார்லனுக்கு முகம் தொங்கிவிட்டது. “அது... அது வேற மேடு.”

“நம்மகிட்ட இருக்கிறதே ஒரு மேடுதான்,” என்றாள் மனைவி டோரிஸ், ஈவிரக்கமில்லாமல்.

எங்கள் ஊரில் இதற்கு வக்கீல் வேண்டாம், மண்வெட்டி போதும். குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். வற்றினால்தான் கழிவுத்தொட்டி போடலாம். தொட்டி போட்டால்தான் வீடு. ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு மூன்று பேரும் குழியைச் சுற்றி நின்றார்கள். ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வயலில் ஈரம் நிற்கட்டும் என்று நாற்பது வருஷம் வேண்டிய மனிதர், பாவம், “போ, போய்த்தொலை” என்று தண்ணீரை விரட்டிக்கொண்டிருந்தார்.

போயே போய்விட்டது!

“அப்போ இந்தக் கடிதம்?” என்றாள் வெல்மா.

“பச்சைப் பொய் மேடம். வரி ஆபீசுல நானே போய்ச் சொல்லிடறேன்.”

“சரி, வெறும் வயலா வித்தா என்ன கேப்பீங்க?”

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். சாமர்த்தியமாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. “விக்கவே மாட்டேனே,” என்றார்.

“அதுக்கு என் படிவத்துல கட்டம் இல்ல சார்.” ஆனாலும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

வயல் தப்பியது. வரி ஏறியது. ஹார்லன் அதை முணுமுணுக்காமல் கட்டுகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. பத்திரம் பதியப் போன அன்று உங்கள் மனைக்கு என்ன விலை சொன்னீர்கள்? சம்பந்தி வீட்டில் என்ன சொன்னீர்கள்? எனக்குப் பதில் வேண்டாம். வெல்மா வாளியோடு வருவாள், அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.