ரப்பர் வைத்தது நான்தான், மன்னிப்பு கிடையாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் மூவரும் சுகம். தங்கள் கிட்டாரும் சுகம் என்று எழுதினால் கடிதத்தை இங்கேயே கிழித்துவிடுவீர்கள் என்பதால் அந்தச் சேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் தங்கள் ரத்த அழுத்தம் எந்த உயரத்தில் நின்றதோ, அங்கிருந்து இதற்குள் பத்திரமாக இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

"எழுத்துல மன்னிப்பு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கிட்டார் பழையபடி கைக்கு வரணும். இல்லன்னா சனிக்கிழமை என் பணி ஓய்வு விழாவுக்கு உன் வீட்டுக்காரர் வரவே வேண்டாம்" என்று போனில் சொன்னீர்களாம். உங்கள் தங்கை அதை உங்கள் குரலிலேயே நடித்துக் காட்டினாள். உங்களுக்கே அவ்வளவு நன்றாக வராது. எழுத்தில் கேட்டீர்கள், எழுதுகிறேன். மன்னிப்பு மட்டும் இதில் இருக்காது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இருபது வருஷம் அலமாரி மேல் கிடந்த எலக்ட்ரிக் கிட்டாரை நீங்கள் இறக்கியது எதற்கென்று எனக்குத் தெரியாதா? உங்கள் மின்சார அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னாலும் வாசித்து, கடைசி ஸ்வரத்தை ஒரு மீட்டு மீட்டிவிட்டு, அது தானாக அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுவரை சபை மூச்சு விடக்கூடாது. நல்ல ஆசைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கிட்டாரை என் மேஜையில் வைத்தபோது என்ன சொன்னீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

"வயரெல்லாம் நானே பார்த்துட்டேன் மாப்பிள்ளை. அடிச்ச சத்தம் அடங்காம இழுத்து நிக்கறதெல்லாம் கரண்ட் வேலை. பின்னாடி கர்ர்ர்னு ஒரு சத்தம் வருது, நீங்க அதை மட்டும் நிறுத்துங்க."

"அப்போ இந்த ஸ்ப்ரிங்கு, ஸ்க்ரூ, இரும்பெல்லாம் எதுக்கு மச்சான்?"

"கீழ விழாம பிடிச்சுக்கறதுக்கு."

கீழே விழாமல் பிடித்துக்கொள்வதற்கு! இருபத்தெட்டு வருஷம் அச்சகத்தில் இயந்திரம் பார்க்கிற ஒரு ஃபிட்டரின் முகத்துக்கு நேரே, அதுவும் என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னீர்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இரும்பு என்ன செய்யும் என்று இவருக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று. இல்லை, பொய் சொல்வானேன், அன்றைக்கு அப்படி எதுவும் முடிவு செய்யவில்லை. ஒழுங்காக வேலை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். எதையும் பிரிக்கும் முன் அளந்து பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம், அதனால் தடித்த கம்பியை மீட்டி ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். ரீங்காரம் பதினோரு விநாடி நீடித்தது. குறித்து வைத்தேன். பிறகு, பேரிங்குக்குச் செய்கிற மாதிரி, ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கிட்டாரின் முதுகில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். முதுகுக் குழியில் மூன்று ஸ்ப்ரிங் தம் பாட்டுக்குத் தனிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. ஒரு துண்டு ஸ்பஞ்சைத் திணித்தேன். கர்ர்ர் போயே போச்சு. அங்கேயே எழுந்து கை கழுவியிருக்க வேண்டும். ஆனால் மச்சான், அச்சு இயந்திரம் அதிர்ந்தால் எழுத்து இரட்டையாக விழும், ஆகவே எது அதிர்ந்தாலும் அதன் காலடியில் ரப்பர் வைப்பது என் கைக்கு ஊறிப்போன வேலை. வீட்டில் வாஷிங் மெஷினுக்கு ரப்பர், தையல் மெஷினுக்கு ரப்பர், நான் படுக்கிற கட்டிலின் நாலு காலுக்கும் ரப்பர், அது என் குறட்டைக்காகத் தங்கள் தங்கை வைக்கச் சொன்னது. இந்தக் கிட்டாரில் தொட்ட இடமெல்லாம் அதிர்ந்தது. கம்பிகள் உட்காரும் இரும்புப் பாலத்தை நீங்கள் பிரிட்ஜ் என்கிறீர்களே, அதன் அடியில் சைக்கிள் டியூப் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, நடுவே தடித்த ரப்பர் தகடு வைத்து மறுபடி பூட்டினேன். தலைப்பக்கம் கம்பிகள் ஏறிப்போகும் பள்ளங்களில் ஆறு துளி சிலிகான் பசை. காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டேன், ஆஹா, பிறந்த குழந்தை தூங்குகிற மாதிரி அமைதி. எந்த அச்சகத்திலும் அதற்கு மாலை போட்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி, கண்ணை மூடி, கையை உயர்த்தி மீட்டினீர்கள். 'டப்' என்றது. காலி அட்டைப்பெட்டியைத் தட்டினால்கூட இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கும். மறுபடி மீட்டினீர்கள். 'டப்.' என் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? "மாமா, அப்பா கிட்டாரை சைலன்ட் மோட்ல போட்டுட்டாரு" என்றாள். தங்கள் தங்கை, "ஏன், இப்பத்தான் கேக்க நல்லாருக்கு" என்றாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள், பெருமையாகச் சொன்னேன். காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டீர்கள். அந்தக் காபியை நான்தான் குடித்தேன், அது வேறு விஷயம்.

"அருமையான கிட்டாரைக் கொன்னுட்டீங்களே மாப்பிள்ளை" என்று படியிறங்கும்போது சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொல்ல முடிந்தது என்றால் உயிர் அங்கேதானே இருந்திருக்க வேண்டும்? நான் உங்கள் வயரைத் தொட்டேனா? கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தத்தைத் தொட்டேனா? அதே ஸ்பீக்கர் பெட்டி, அதே பிளக், அதே கரண்ட். மாறியது ரப்பர் மட்டும். பதினோரு விநாடி அரை விநாடி ஆனது. கம்பியை இரும்பும் மரமும் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதிர்வு கம்பியிலேயே நின்று ஆடும், நடுவில் ரப்பர் இருந்தால் அதிர்வை அது அங்கேயே குடித்துவிடும். கம்பி ஆடாமல் நின்றுவிட்டால் உங்கள் கரண்ட் எதைக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் கொட்டும்? சொல்லுங்கள் பார்ப்போம். முப்பத்தைந்து வருஷம் மின்சாரத்தோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள், பதில் வைத்திருப்பீர்கள்.

அதோடு விட்டேனா? ரப்பர், பசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அச்சகத்தில் கடன் கேட்டு ஒரு பட்டறைப் பிடியை, அதாவது வைஸை, கொண்டுவந்து கிட்டாரின் தலையில் இறுக்கி மீட்டினேன். பதினான்கு விநாடி, மச்சான்! இரும்பு கூடினால் ரீங்காரம் கூடுகிறது. ஆனால் பிடியின் எடை ஒன்பது கிலோ. கிட்டார் தலைகீழாகச் சாய்ந்து சாப்பாட்டு மேஜையின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டது, அது ஓரத்துக்கு ஓரம் போயிருக்கிறது. "உங்க ஆராய்ச்சியை என் மேஜையிலயா வச்சுக்கணும்?" என்று உங்கள் தங்கை கேட்டாள். விஞ்ஞானத்துக்கு எதிர்ப்பு எப்போதும் வீட்டுக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது. பிறகு ரப்பர், பசை எல்லாவற்றையும் பழைய இடத்தில் திரும்ப வைத்துவிட்டேன், சாட்சியம் கலையக்கூடாது அல்லவா?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் நாதம் குறையும், அதில் இருக்கிற ஒவ்வொரு துண்டு இரும்பும் வாசிக்கிறது, நீங்கள் விரலை மட்டும் கொடுக்கிறீர்கள். இதைச் சனிக்கிழமை மேடையில் ஒலிபெருக்கி முன் நின்று உங்கள் வாயால் சொல்வதாக இருந்தால் ரப்பரை எடுக்கிறேன். இல்லையென்றால் அது அங்கேயே இருக்கும், நீங்கள் 'டப்' என்று ஓய்வு பெறலாம். விழாவுக்கு வர வேண்டாம் என்றால் வரவில்லை. எனக்கும் அன்றைக்கு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்காதீர்கள், அதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன்.

தங்களுக்கும் வீட்டில் உள்ள பெரியவர் சிறியவர் அனைவருக்கும், என் வணக்கமும் அன்பும், வயதுக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தலை குனியாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இது தனித் தாள். வருகிற கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவது உங்கள் வீட்டு வழக்கம் என்பதால் மேலே அப்படி எழுத வேண்டியதாயிற்று. இதைப் படித்துக் காட்டாதீர்கள். மன்னித்துவிடுங்கள் மச்சான். கடிதத்தை மடித்த கையோடு உட்கார்ந்து ரப்பர், பசை எல்லாவற்றையும் எடுத்துச் சுரண்டித் துடைத்து, பழையபடி பூட்டிவிட்டேன். ஸ்பஞ்சு மட்டும் இருக்கட்டும், கர்ர்ர் வராது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் பதினோரு விநாடி. கிட்டாரை மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை கட்டாயம் வாசியுங்கள், நான் கடைசி வரிசையில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பேன். இன்னொன்று. எல்லாம் பூட்டி முடித்த பிறகு மேஜையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். இரண்டு முறை பிரித்துப் பார்த்தும் எந்த இடத்து ஸ்க்ரூ என்று தெரியவில்லை. அளந்த மூன்று முறையும் அது வெளியில்தான் இருந்தது. இத்தாளில் ஒட்டியிருக்கிறேன். சட்டைப் பையில் போட்டு வையுங்கள், உயிரே போனாலும் உங்கள் தங்கையிடம் காட்டாதீர்கள்.