மூன்றாம் டிவிஷனுக்கு ஒரு மொட்டை

பிள்ளைகளைத் தரம் பிரித்துப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. ஒத்துக்கொள்கிறேன். (என் மனைவி சுபா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.)

எங்கள் மகன் கவின் பந்தை உதைத்தால் அது பக்கத்து வளவுக்குள் போய்த்தான் நிற்கும். அந்த உதையை நம்பி அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி அவனைத் தன் அமெரிக்க ஃபுட்போல் அணியில் உதைப்பதற்கென்றே சேர்த்துக்கொண்டது. எங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டில் பிரியாவிடைச் சாப்பாடு. ஒரு அங்கிள், "எந்த டிவிஷன் தம்பி?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றான் கவின்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. உடனே குறுக்கே விழுந்தேன். "இப்பதான் மூண்டு. வெண்டால் வாற வருசம் ரெண்டு, பிறகு ஒண்டு."

வென்ற அணியை மேல் டிவிஷனுக்கு ஏற்றிவிடும் இங்கிலாந்து லீக்குகளைப் பார்த்து வளர்ந்த மூளை எனக்கு. கவின் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

கன்பரன்ஸ் என்பது வருடா வருடம் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் சில கல்லூரிகளின் கூட்டு. அதில் கவினின் அணி வென்றால் மொட்டை என்று ஹெலன்ஸ்பர்க் பெருமாளுக்கு நேர்த்தி வைத்தேன். நவம்பரில் வென்றார்கள். நேர்த்தியை முடித்துவிட்டு அந்தத் தலையோடே கவினை வீடியோவில் அழைத்தேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, ஆர் செத்தது? அம்மா எங்க?"

"ஒருத்தரும் சாகேல்லையடா. நீங்கள் ரெண்டாம் டிவிஷனுக்குப் போறதுக்கு நேர்த்தி."

அவன் மெதுவாகச் சொன்னான். "இங்க ஒருத்தரும் மேல போறேல்லை அப்பா. எங்கட காலேஜ் ஸ்போர்ட்ஸுக்கு ஸ்கொலர்ஷிப் குடுக்காது, அதால மூண்டு. கன்பரன்ஸ் வெண்டால் மூண்டாம் டிவிஷன்ர பிளேஓஃப். அதுக்கெண்டு தனி சாம்பியன் இருக்கு."

"அப்ப…"

"நான் இங்க இருக்கிற வரைக்கும் மூண்டுதான். உங்களுக்கு வெட்கமா இருக்கா?"

சாப்பாட்டு மேசையில் அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. "இல்லையடா. எனக்குத்தான் ஒண்டும் விளங்கேல்லை. மன்னிச்சுக்கொள்."

அவன் சிரித்தான். கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

பிளேஓஃபில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறினார்கள். அவன் உதைத்த ஒவ்வொரு உதைக்கும், வீட்டில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

போன வருடமும் கன்பரன்ஸை வென்றார்கள். எந்த நேர்த்தியும் இல்லாமல் நானே போய் மொட்டை அடித்துக்கொண்டேன். கடையில் ஒரு அன்ரி என் தலையைப் பார்த்துத் துக்கம் விசாரித்தார். சுபா என் தோளைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஒண்டுமில்லை அன்ரி. மகன்ர டீம் வெண்டிட்டுது."