நிமிடத்துக்கு நான்கு சுற்று

தண்ணீர் மலை உச்சியிலும் தாகம் அடிவாரத்திலும் இருந்த ஒரு காட்டில், தூயமணி என்ற முள்ளம்பன்றி இன்ஜினியராக வேலை பார்த்தது. மலையேற முடியாத விலங்குகளை உச்சியில் உள்ள சுனைக்குத் தூக்கிப்போக ஒரு ராட்டினத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தது. மோட்டாரின் உச்ச வேகம் என்ற கட்டத்தில் 'நிமிடத்துக்கு நான்கு சுற்று' என்று போட்டுத் திரையில் ஓட்டிப் பார்த்தது. ராட்டினம் பதமாகச் சுற்றியது.

மேலதிகாரி கோட்டைச்சாமிக் கரடி எட்டிப் பார்த்தது. "என்னம்மா இது, தூங்குது? நாளைக்கு ராஜா வர்றார். விறுவிறுன்னு ஓட்டிக் காட்டு."

"நாலுக்கு மேல போகாது சார். வரம்பு போட்டிருக்கேன்."

"அதை அழி."

"அழிச்சா மோட்டார் எவ்வளவு வேகம் வேணும்னாலும் போகும் சார். திரையில எதுவும் உடையாது. நிஜத்துல..."

"ராஜா திரையைத்தானே பார்க்கப் போறார்?" கரடி தானே கட்டத்தைக் காலியாக்கி, மோட்டாருக்கு ஆறாயிரம் சுற்று என்று தட்டியது.

மறுநாள் சிங்கராஜா வந்தார். ஆறாயிரத்தில் சுற்றிய ராட்டினம், அந்த வேகம் கண்ணுக்குப் பிடிபடாததால், திரையில் அசையாமல் நிற்பது போலவே தெரிந்தது. "அடடா, ஒரு ஆட்டம் இல்லையே! என்ன பாதுகாப்பு! இப்படியே கட்டுங்கள்," என்றார்.

கட்டினார்கள். திறப்பு விழாவன்று நிறைமாத மான் ஒன்று நாக்கு வறண்டு வரிசையில் முதலாவதாக நின்றது. தூயமணி ஓடிப்போய் அதை மறித்தது.

"முதல் மரியாதை சாருக்குத்தான்," என்றது. கரடி பயந்து ராட்டினத்தையே நிறுத்திவிடும் என்று நம்பியது. கரடியோ மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தது. ராஜா பொத்தானை அமுக்கினார்.

மாலை அங்கேயே விழுந்தது. கரடி பக்கத்துக் காட்டில் ஒரு புளியமரத்தின் மேல், உயிரோடு கிடைத்தது.

விசாரணைக்கு ஆமை வந்தது. "வேக வரம்பு மீறப்பட்டதா?"

"வரம்பே இல்லைங்களே," என்றது தூயமணி.

"அப்போ மீறல் இல்லை." ஆமை கோப்பை மூடியது. கரடியை, ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது என்பதால், பக்கத்துக் காட்டுக்குத் தூதராக நியமித்தார்கள்.

தூயமணி அன்று மாலையே கட்டத்தில் மறுபடி நான்கு என்று போட்டது. மான் மெல்ல மேலே போய், வயிறு முட்டக் குடித்தது. கீழே நின்று பார்த்த தூயமணிக்குக் கண் கலங்கியது. அப்புறம் ஒரு யானை ராட்டினத்தில் இறங்கி வந்தது. அதன் கனத்தில் ராட்டினம் ஒரே ஒரு நிமிடம் நாலரைச் சுற்றுச் சுற்றியது.

ஆமை மெமோவோடு வந்தது. "வரம்பு நாலு. போனது நாலரை."

"யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லையே சார்! கரடி சார் ஆறாயிரம் வச்சாரே!"

"அவர் எந்த வரம்பை மீறினார்? சொல்லு."

தூயமணியின் வேலை போய்விட்டது.

நீதி: வேக வரம்பை மீறுவது பெருங்குற்றம். ஆகவே, பிள்ளைகளே, வரம்பே வைக்காதீர்கள்.