சாப்பிட்டீர்களா என்று கேட்ட கம்ப்யூட்டர்

சுலபமான வழி இருக்கும்போது கஷ்டமான வழியில் போகிறவர்களை உலகம் அறிவாளி என்று நம்பிவிடுகிறது. நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், அக்காவின் கல்யாண வரவேற்பு வரை.

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் மவுஸால் பட்டனை இழுத்து வைத்தே புரோகிராம் செய்துவிடுவார்கள். எனக்கு அது கேவலமாகப் பட்டது. சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் விண்டோஸுக்கு நேரடியாகக் கட்டளை கொடுத்து, திரையில் ஒரு வெறும் கட்டம் வருவதற்கே இரண்டு பக்கம் எழுதுவேன். (வந்துவிட்டால் ஊரையே கூட்டிக் காட்டுவேன்.)

"பேர் வெட்டி ஒட்டற தெர்மகோல் போர்டெல்லாம் பழசுப்பா. வாசல்ல நான் கம்ப்யூட்டர் வைக்கிறேன்" என்றேன். அப்பா பாவம், பெருமைப்பட்டார். எடுத்ததற்கெல்லாம் முகம் சுளிக்கும் மாப்பிள்ளை வீட்டார் இதைப் பார்த்தாவது அசரட்டும் என்று நினைத்தார்.

குரோம்பேட்டை மண்டபத்தில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் இரவல் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. திரை முழுக்க மணமக்கள் பெயர். சில விநாடிக்கு ஒருமுறை, ஆங்கில எழுத்தில், 'சாப்பிட்டீர்களா?' என்று ஒரு சின்னப் பெட்டி எழும்பும். கீழே எஸ், நோ என்று இரண்டு பட்டன். குழந்தைகள் மூடிவிடக் கூடாதென்று புரோகிராமை மூடும் வழியையே எடுத்துவிட்டேன். மவுஸை மட்டும் விட்டுவிட்டு, கீபோர்டையும் கழற்றி மணமகள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். என்ன முன்யோசனை!

வீட்டில் சோதித்தபோது, கேட்டவுடன் 'எஸ்' அழுத்தியவள் நான். யாரும் அழுத்தாவிட்டால் பழைய பெட்டியின் மேல் புதுப் பெட்டி ஏறிக்கொண்டே போகும் என்பது அப்போது தெரியவில்லை. மண்டபத்திலோ எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். பெட்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

செங்கல்பட்டிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நின்றார். நல்ல பசி அவருக்கு. 'நோ' அழுத்தினார். அந்தப் பெட்டி மறைந்து அடியிலிருந்த பெட்டி தெரிந்தது. டிங்! சாப்பிட்டீர்களா? மறுபடியும் 'நோ'. டிங்!

"ஏம்மா, இல்லேன்னு எத்தனை வாட்டி சொல்றது? சோறு போடற எண்ணம் இருக்கா, இல்லையா?"

"எஸ் அழுத்திப் பாருங்க பெரியப்பா."

"சாப்பிடாமயே சாப்பிட்டேன்னு சொல்லச் சொல்றியா!"

அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அவர் போனால் மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் பின்னாலேயே போவார்கள். மேடையில் அக்காவின் முகம் வெளுத்தது. (கீபோர்டு இருந்த அறையின் சாவி அம்மாவின் இடுப்பில். அம்மாவும் மேடையில்.) கையில் கிடைத்த பிளக்கைப் பிடித்து இழுத்தேன். கம்ப்யூட்டரோடு மேடை விளக்கு, வீடியோ லைட், பாடிக்கொண்டிருந்தவரின் மைக் எல்லாமே அணைந்தன.

"யாரும்மா அது, ஒயர்ல கைய வெச்சிகினு கீறது?" என்று எலக்ட்ரீஷியன் கத்தினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் வெளிச்சம் இருந்தது. அப்பா பெரியப்பாவின் கையைப் பிடித்து, "வாங்க சம்பந்தி, முதல் இலை உங்களுக்குத்தான்" என்று கெஞ்சி அழைத்துப் போனார். இரண்டாவது முறை பாயசம் வாங்கிய பிறகுதான் மனிதர் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

சில வருடம் கழித்து என் கல்யாணம். அதே பெரியப்பா யாரும் சொல்லாமலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் மறித்து "சாப்பிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று சொன்னவர்களையும் விடவில்லை, திரும்பக் கேட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேடையில் மாலையும் கழுத்துமாக நின்ற நான் என்ன செய்ய முடியும்?

விஷயம் தெரியாத என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "உங்க பக்கத்துல உபசரிக்கத் தெரிஞ்ச மனுஷர் அவர் ஒருத்தர்தாம்மா."