எலிக்குப் பொரி வைத்தவன்

நான் எழுதி அச்சில் வந்தது இதற்கு முன் ஒன்றே ஒன்றுதான். 'டிராக்டரை எலியிடமிருந்து காப்பாற்றுவது எப்படி?' என்ற துண்டுப் பிரசுரம். மஞ்சள் தாள், நான்கு பக்கம், முகப்பில் ஓர் எலிப் படம். அதில் என் பெயர் இல்லை. அன்றைக்கு அதற்காக வருத்தப்பட்டேன். இன்றைக்கு அப்படி இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கிண்டியில் டிராக்டர் விற்கும் ஏஜென்சி ஒன்றில் சர்வீஸ் அசிஸ்டென்ட் வேலை. டிராக்டர் நிலத்தை உழுது நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நிலத்தையே ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன் (அதுவும் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்). விவசாயிகளுக்கு அறிவுரை சொல்ல இதெல்லாம் எனக்குத் தடையாக இருக்கவில்லை.

புகார்க் கடிதங்களுக்குப் பதில் போடுவது என் வேலை. பாதிக்குப் பாதி எலிப் புகார். வண்டியை வைக்கோல் கொட்டகையில் நிறுத்துவார்கள், எலி இஞ்சினுக்குள் புகுந்து ஒயரையெல்லாம் கடித்துவிடும், வண்டி படுத்துவிடும். வாரண்டிக் காலத்தில் வேறு எது பழுதானாலும் கம்பெனி இலவசமாக மாற்றிக் கொடுக்கும். எலி கடித்தால் கொடுக்காது. எலி கடிப்பது உற்பத்திக் குறை இல்லையாம். இதைப் பக்குவமாகச் சொல்ல நான் ஒரு கடிதம் தயாரித்து, ஸ்டென்சில் வெட்டி, கட்டுக் கட்டாக வைத்திருந்தேன். பெயரையும் ஊரையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும். கடைசி வரி இப்படி இருக்கும்: 'தங்கள் கவனக் குறைவுக்கும் எலியின் செயலுக்கும் கம்பெனி பொறுப்பாகாது.' அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

அந்த வருஷம் விஜயதசமி வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று காலை ஏகாம்பரம் என்ற விவசாயிக்கு ஒரு வண்டி டெலிவரி. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். அப்போதெல்லாம் டிராக்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் மூன்று வருஷம் காத்திருந்தார். முதல் நாள் ஆயுத பூஜையை அந்த வண்டிக்கே செய்துவிடலாம் என்று மானேஜர் முடிவு செய்து, மயிலாப்பூர்ப் பையனுக்குத் தெரியாத பூஜையா என்று பொறுப்பை என் தலையில் கட்டினார். என் தகுதிகாண் பருவம் அந்த மாதம் முடிகிறது. நிரந்தரம் செய்யும் உத்தரவு அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஊரில் யாரும் செய்யாத பூஜையாகச் செய்துவிடுவது என்று கிளம்பினேன்.

மாட வீதியில் ஒரு மூட்டைப் பொரி வாங்கினேன். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வாழைப்பழம் எல்லாம் தனி. ஷெட்டில் ஒரு கறுப்புப் பூனை இருந்தது. மெக்கானிக் தனபால் தன் சோற்றில் பங்கு போட்டு வளர்த்த பூனை. பூஜை நேரத்தில் கறுப்புப் பூனை ஆகாது என்று அதை நானே கம்பை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டை எல்லைவரை துரத்திவிட்டு வந்தேன். பிறகு வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பானட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்திலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் பொரியையும் வெல்லத்தையும் வாரி வாரி வைத்தேன். உயிர் இருக்கிற இடம் இஞ்சின்தானே, அங்கேதான் படைக்க வேண்டும் என்பது நானாக அன்றைக்கு இயற்றிய சாஸ்திரம்.

தனபால் சைதாப்பேட்டைக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அய்யரே, உள்ள வெக்காத. இங்க எலி எம்மாம் கீது தெரியுமா? பூனைய வேற தொரத்திக்கினு வந்துட்டே," என்றார்.

எலியைப் பற்றிப் பிரசுரமே எழுதியவன் நான் என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் கழுவித் துணியில் மூட்டை கட்டி வண்டி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, ஆயுதங்களை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டு, ஷெட்டை நானே பூட்டினேன். எலிகளுக்கு விருந்து வைத்து, பூனையை அனுப்பிவிட்டு, கதவையும் சாத்திக் கொடுத்த முதல் சர்வீஸ் அசிஸ்டென்ட் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் எட்டரை மணிக்கு ஷெட்டைத் திறந்தோம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டி கிளம்ப வேண்டும். பார்ட்டி வருவதற்குள் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடு என்றார் மானேஜர். சக்கரங்களுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, நான் கம்பீரமாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை திருகினேன். ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. சாவியை எடுத்த பிறகும் அலறியது. டேஷ்போர்டு இடுக்கிலிருந்து புகை வந்தது, புகையைத் தொடர்ந்து ஓர் எலி வந்து என் வேஷ்டிக்குள் புகுந்தது. ஹாரன் அலறலுக்கு ஈடாக நானும் அலறிக்கொண்டு, மானேஜர் முன்னால் வேஷ்டியை உதறிப் போட்டுவிட்டு, கோவணம் கட்டாத குறையாக ஷெட்டை இரண்டு சுற்று ஓடினேன். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்று பார்த்தார்கள். எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை இந்த இடத்தில் முடிகிறது.

தனபால் பேட்டரி ஒயரைப் பிடுங்கி ஹாரனை நிறுத்தினார். உள்ளே கை விட்டுப் பார்த்தார். பொரி ஒன்றிரண்டுதான் மிச்சம். ஒயர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

"ஃபுல் ஒயரிங்கும் பூட்ச்சு சார். டேப்பு சுத்திக் குடுத்தா ஊரு போய்ச் சேரும். அதுக்கு அப்பால நான் கேரண்டி இல்ல."

புது ஒயரிங் வடக்கே உள்ள தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஏகாம்பரம் மனைவியோடும் ஒரு டிரைவரோடும் வந்து இறங்கினார். அவரை ஷெட் பக்கம் விடாமல் அரை மணி நேரம் ஆபீஸில் உட்கார வைக்கச் சொல்லி மானேஜர் என்னை விரட்டினார். வேஷ்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

அரை மணி நேரம் என்ன பேசுவது? எனக்கு டிராக்டரைப் பற்றித் தெரிந்தது எலி மட்டும்தான். அவருக்குக் காப்பி வரவழைத்துவிட்டு, என் பிரசுரத்தை எடுத்து முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். வைக்கோல் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். தீனிப் பொருள் எதையும் வண்டியில் வைக்காதீர்கள். பூனை வளர்ப்பது நல்லது. (ஆமாம், இதையும் நான்தான் எழுதியிருந்தேன்.) அவர் காப்பியைக்கூடத் தொடாமல் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தனபால் கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு மானேஜர் கூப்பிட்டார். டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதித்துப் பார்த்ததற்கான தாளை என் பக்கம் தள்ளினார். பிரேக், கிளட்ச், டயர், ஒயரிங் என்று வரிசையாகக் கட்டங்கள். "நல்ல நாள். இதுல சைன் பண்ணு, உன் ஆர்டரையும் இன்னைக்கே போட்டுடறேன்," என்றார். அவர் மிரட்டினார் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மிரட்டவே இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். ஒயரிங் கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஏறுவதற்கு முன் ஏகாம்பரம் என்னிடம் வந்தார்.

"எல்லாம் சரியா இருக்குதா தம்பி? ரெண்டு ஜோடி மாட்டையும் போன வாரமே குடுத்துட்டேன். இனிமே இத நம்பித்தான்."

"எல்லாம் சரியா இருக்கு," என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நவம்பர் மழையில் ஒரு நாள் அவர் திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்த கால்கள். மஞ்சள் பையிலிருந்து கருகிப்போன ஒயர்க் கற்றை ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். பாதி உழவில் புகைந்து நின்றுவிட்டதாம். சுற்றிலும் எல்லாரும் நடவை முடித்துவிட்டார்கள். இரவல் மாடு கேட்டால் அவரவர் வேலைக்கே போதவில்லை என்கிறார்கள். பாதி நிலம் அப்படியே கிடக்கிறது. ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்து, எலி கடித்திருக்கிறது, மேலே சுற்றியிருக்கும் டேப் எல்லாப் புது வண்டியிலும் கம்பெனியே போட்டு அனுப்புவது என்று சொல்லியிருக்கிறான். அந்த டேப்பின் மடிப்பில் ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நீங்க அன்னிக்கே படிச்சிப் படிச்சிச் சொன்னீங்க தம்பி. நானும் கொட்டாயில இருந்த வைக்கோலையெல்லாம் வாரி வெளிய போட்டேன். பூனைகூட ஒண்ணு கொண்டாந்து வுட்டேன். அப்பிடியும் கடிச்சிட்டுது. என் தப்புதான். ஏதாவது பார்த்துப் பண்ணுங்க."

மானேஜரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமல், வழக்கமான கடிதம்தானே, கொடுத்து அனுப்பு என்றார். நான் வந்து உட்கார்ந்து கடிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, பெயரை நிரப்பினேன். ஊரை நிரப்பினேன். இப்போது என் கையெழுத்துக்குக் கீழே 'தகுதிகாண்' என்ற வார்த்தை கிடையாது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் என்னையே படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். 'தங்கள் கவனக் குறைவுக்கும் எலியின் செயலுக்கும்' என்று வந்தபோது அவர் தலையாட்டி, "நாயந்தானே," என்றார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காய்ந்த சேறு தரையெல்லாம் உதிர்ந்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

தனபால் ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்து போனபோது, "நானும் வாய மூடிக்கினுதான் இருந்தேன். எனக்கு நாலு கொயந்த கீது. உனக்கு இன்னா கீது அய்யரே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த ஏஜென்சியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து, நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டில் இன்றும் ஆயுத பூஜை வந்தால் எலிக் கதை இல்லாமல் நடக்காது. முதலில் அம்மா கொலுவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிறகு மனைவி அதை எடுத்துக்கொண்டாள். நான் ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைக்கும்போது, "உள்ளே ஒண்ணும் வெச்சுடாதீங்கோ, அப்பறம் வேஷ்டிக்கு நான் பொறுப்பில்லே," என்பாள். ஹாரன் சத்தத்தை நானே வாயால் போட்டுக் காட்டுவேன். ஓடியும் காட்டியிருக்கிறேன். பேரக் குழந்தைகள் உருண்டு சிரிக்கும்.

போன வருஷம் சின்னப் பேத்தி மட்டும் சிரித்து முடித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் யாருமே கேட்காததைக் கேட்டாள்.

"அப்பறம் அந்த டிராக்டர் என்ன ஆச்சு தாத்தா?"

"நன்னா ஓடித்து," என்றேன்.